தொண்ணூறு நிமிடச் சிரிப்பு

ரேடியோ மூன்றாவது தடவையாக அதையே சொன்னபோது பெரிய டீச்சர் ஏழு தேநீர்க் கோப்பைகள் வைத்த தட்டோடு கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தாள்.

"அவ்வளவு பெரிய வியாதிய வச்சுக்கிட்டு ஒரு நாளாவது முகத்துல காட்டியிருப்பாரா எங்கண்ணன்? மனநோய்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?"

ரேடியோ என்பது சித்தி மகளுக்கு, இப்போது இறந்துபோயிருக்கும் டீச்சரின் தம்பி வைத்த பெயர். ஒரு சேதி அவள் காதில் விழுந்தால் அரை மணி நேரத்தில் நாலு தெரு தாண்டியிருக்கும். கெட்டவள் இல்லை. நேற்று மதியத்திலிருந்து அழுது அழுது மூக்கு சிவந்துபோயிருந்தாள். அழுகைக்கு நடுவிலும் ஒலிபரப்பு நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கூடத்தின் நடுவில் தம்பி படுத்திருந்தான். ஐம்பத்தெட்டு வயது, லிஃப்ட் மெக்கானிக். நேற்றுக் காலை ஒன்பது மாடிக் கட்டடத்தில் நின்றுபோன லிஃப்ட் ஒன்றை ஓடவைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியவன் திறக்கவே இல்லை. "ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட்டினவன், தன்னோடத சர்வீஸ் பண்ண மறந்துட்டான் பாரு" என்று அவனோடு வேலை பார்த்த ஒருவர் சொன்னார். சொன்ன பிறகு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தம்பி காதில் விழுந்திருந்தால் அவன்தான் முதலில் சிரித்திருப்பான்.

நாலு மணிக்கு வண்டி வரும். அதற்கு முன்னால், மூன்று மணிக்கு, ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. கடைசியாக அக்கா, பெரிய டீச்சர், பேச வேண்டும். முப்பத்தோரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து, தலைமை ஆசிரியையாகி, போன வருஷம் ஓய்வு பெற்றவள். ஆயிரம் பேர் நிற்கும் மைதானத்தில் மைக் இல்லாமல் பேசுவாள். அப்படிப்பட்டவளுக்கு இன்று நாற்பது பேர் முன்னால் பேசப் பயமாக இருந்தது. காரணம் வேறொன்றும் இல்லை. வியாதி தம்பிக்கு இல்லை. அவளுக்கு.

ஆஸ்பத்திரிக்காரர்களைத் தள்ளிவிட்டால், இருபத்தெட்டு வருஷமாக இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவளுக்கு, தம்பிக்கு, தம்பி மனைவிக்கு. நேற்று மதியத்திலிருந்து இரண்டு பேருக்கு.

அவளுக்கு முப்பத்து மூன்று வயதில் அது ஆரம்பித்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்குப் போட்டால், பின்னாலிருந்து யாரோ "தப்பு, தப்பு" என்பார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்தில் குரல் வகுப்பறையைத் தாண்டி வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டில் என்னவோ கலந்திருக்கிறது என்றது. எட்டு மாதம் அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை, தூங்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தம்பிதான் அவளை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. மூளையில் டோபமின் என்று ஒரு ரசாயனம், ஒரு நரம்பு அடுத்த நரம்புக்கு அனுப்பும் தூது. அது போய் உட்காரும் இடங்களில் போய் உட்காருகிற மருந்து ஒன்றை ஊசியில் ஏற்றிப் படம் பிடிப்பார்கள். நோய் உள்ளவர்களையும், நோய் இல்லாத அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் அப்படிப் படம் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. வந்து படுக்க விருப்பமா என்று கேட்டார்கள். மாட்டேன் என்றாள் அக்கா. குழாய்க்குள் தள்ளித் தன் நினைப்பையெல்லாம் படித்துவிடுவார்கள் என்று பயம்.

"முதல்ல நான் படுக்கிறேன்" என்றான் தம்பி. "என் நினைப்ப படிச்சா அவங்கதான் வெக்கப்படணும்."

டாக்டர் ஒரு மணி நேரம் விளக்கியது அவளுக்கு ஏறவில்லை. தம்பி நடைக்கூடத்தில் நின்று ஒரே நிமிஷத்தில் சொன்னான். "இத பாரு அக்கா. டோபமின்ங்கிறது லிஃப்ட் மாதிரி. யாராவது பட்டன அமுக்கினா வரணும், கதவு தொறக்கணும். உனக்கு யாரும் அமுக்காமலே வந்து வந்து தொறக்குது. உள்ள யாரும் இல்ல. ஆனா கதவு தொறந்தா யாரோ வந்திருக்காங்கன்னுதான தோணும்? மோட்டார் நல்லாத்தான் இருக்கு. கண்ட்ரோல் போர்டுல கொஞ்சம் கோளாறு. என் கம்பெனியா இருந்தா மத்தியானத்துக்குள்ள முடிச்சிருப்பேன்."

அடுத்தது முகமூடி. படம் பிடிக்கும் தொண்ணூறு நிமிஷமும் தலை இம்மி ஆடக் கூடாது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் வலைத் தகட்டை வெந்நீரில் போடுவார்கள். அது துணி போலத் துவண்டதும் முகத்தில் விரித்து அழுத்துவார்கள். ஐந்து நிமிஷத்தில் முகத்தின் அச்சாக இறுகிவிடும். அதைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிவிட்டால் தலை அசையாது. வழக்கமாக முதல் நாளே செய்து வைப்பது. தம்பி வேலைக்கு லீவு கிடைக்காமல் அன்றைக்குத்தான் வந்தான். ஊசி மருந்தோ கீழ்த்தளத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. தயாரான நிமிஷத்திலிருந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை அதன் வீரியம் பாதி பாதியாகக் குறையும் என்பதால் அங்கே யாரும் நடப்பதில்லை, ஓட்டம்தான்.

முகமூடி செய்கிறவர் அப்போது வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்த ஒல்லி மனிதர். தம்பி முகத்தில் தகட்டை விரித்து விரலால் அழுத்திக்கொண்டே, ஓரமாக நின்ற அக்காவுக்குப் பயம் தெளியட்டும் என்று பேச்சுக் கொடுத்தார். "ஒண்ணும் இல்லம்மா. இவரோட மூளைக்குள்ள எங்கெங்க என்ன இருக்குன்னு பார்க்கப் போறோம்."

எட்டு மாதமாக வேடிக்கையாக ஒரு வார்த்தை பேசாதவள் வாயைத் திறந்தாள். "அங்க ஒண்ணும் இருக்காது சார். பத்தாவதுல கணக்கு சொல்லிக் கொடுத்தப்பவே நான் தேடிப் பார்த்துட்டேன்."

தம்பி சிரித்துவிட்டான். சாதாரணச் சிரிப்பு இல்லை, கன்னம் இரண்டும் கண்ணை மூடும் சிரிப்பு. ஜோக்குக்காக மட்டும் சிரிக்கவில்லை. தொலைந்துபோன அக்கா எங்கோ உள்ளே இருந்துகொண்டு குரல் கொடுத்துவிட்டாளே என்ற சந்தோஷம். முகமூடிக்காரர் "சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லச் சொல்லத் தகடு இறுகிவிட்டது. வெந்நீரில் வேறு தகடு இல்லை. கீழிருந்து மருந்து கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது.

"வேற வழியில்ல சார்" என்றார் அவர் பரிதாபமாக. "தொண்ணூறு நிமிஷமும் இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே இருங்க. கன்னம் இறங்கினா முகமூடிக்குள்ள இடம் விழும், தலை ஆடிடும்."

தொண்ணூறு நிமிஷம் கழித்து எழுந்து வந்தவனுக்கு முகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கன்னம் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வலைத் தடம் பதிந்து, சிரித்தபடியே "அக்கா, வலிக்குது" என்றான். அவள் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மறுவாரம் பேசாமல் போய்ப் படுத்தாள்.

வினை அந்த நடைக்கூடத்திலேயே வந்தது. யாரையோ பார்க்க வந்த ரேடியோ எதிரே நின்றாள். "என்னண்ணே இந்த ஆஸ்பத்திரியில? முகத்துல என்ன?" தம்பி அக்காவைப் பார்த்தான். இப்போதுதான் சிரித்த முகம் வெளுத்துப்போயிருந்தது. டீச்சருக்கு மனநோய் என்று தெரிந்தால் எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"எனக்குத்தாம்மா" என்றான் தம்பி, இன்னும் இறங்காத சிரிப்போடு. "மண்டையில கொஞ்சம் கோளாறு. அக்கா துணைக்கு வந்திருக்கா."

அந்தச் சிரிப்பையும் அந்தத் தடத்தையும் பார்த்தவள் வேறு சாட்சி கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அதனால் அவனுக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாகப் பார்த்த பெண்ணிடம் முதல் நாளே உண்மையைச் சொன்னான். தபால் நிலையத்தில் வேலை பார்த்த அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அக்காவுக்காக இவ்வளவு பெரிய பொய் சொன்னவரு, எனக்காகச் சின்னதா ஒண்ணு ரெண்டாவது சொல்லுவாரு" என்று சம்மதித்தாள். மற்றபடி அவனுக்கு இந்தப் பட்டம் கரும்பு தின்னக் கூலி கொடுத்த கதையாகிவிட்டது. யாரிடமும் எதையும் சொல்லலாம். பாவம், தலை சரியில்லாதவன் என்று விட்டுவிடுவார்கள். போன வருஷம் ஓய்வு பெற்ற அன்று அக்கா, "இனிமே சொல்லிடலாம்டா" என்றதற்கு, "ஐயோ, என் பொழப்பக் கெடுக்காத" என்று கும்பிட்டான்.

அவளும் இருந்துவிட்டாள். காலையிலும் மாலை ஆறு மணிக்கும் மாத்திரை. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மாத்திரையை ஒளித்துவைத்து, எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் ஆறு மணிக்குக் குளியலறைக்குப் போய், குழாய்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து விழுங்கிவிட்டு வருவாள். தம்பி சொன்ன அந்த லிஃப்ட் கதவு எப்போதாவது யாரும் அழைக்காமல் திறக்கும். உள்ளே யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்குள் கணக்கைப் போட்டு முடித்துவிடுவாள்.

சமையலறையில் தம்பி மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவள் மகள், ஐந்து மாதக் கர்ப்பிணி, முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். அப்பாகிட்ட கேட்டா மனசு சங்கடப்படுவாருன்னு கேக்காமலே இருந்துட்டேன்." வயிற்றின் மேல் கையை வைத்தாள். "அப்பாவோட வியாதி இதுக்கும் வருமா? அஞ்சு மாசமா தூங்கல அத்தை. ஒவ்வொரு தடவ அப்பா சிரிக்கிறப்பவும் இது சிரிப்பா, வியாதியான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பெரிய டீச்சர் தம்பி மனைவியைப் பார்த்தாள். தம்பி மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்பது அந்த முதுகில் தெரிந்தது. இவ்வளவு நாளும் அவனுடைய சிரிப்பை அவன் பெற்ற மகளே சந்தேகத்தோடு பார்த்திருக்கிறாள். வேலையைக் காப்பாற்ற வாங்கிய பொய், வேலை முடிந்த பிறகும் ஒரு வருஷம் சும்மா ஓடியிருக்கிறது. அக்காவுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"மூணு மணிக்குச் சொல்றேன்" என்றாள்.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி, திரும்பாமலே. "உங்களுக்கு முடியலன்னா வேண்டாம். அவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு."

"தெரியும். அதான் சொல்லணும்."

வாசலில் யாரோ அவளைக் கேட்பதாகச் சொன்னார்கள். முகமூடிக்காரர். இப்போது தலை நரைத்து, தொப்பை வைத்து, அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர். கையில் ஒரு துணிப்பை.

"அம்மா, இது உங்க வீட்டுக்கு வரவேண்டியதுன்னு தோணிச்சு. இருபத்தெட்டு வருஷத்துல அஞ்சு தடவ வந்தாரு. ஒவ்வொரு தடவையும் புது முகமூடி செஞ்சு தரேன்னேன். 'எனக்கு விதிச்சது தொண்ணூறு நிமிஷச் சிரிப்பு, அத மாத்தாதீங்க'ன்னு இதையேதான் போட்டுப்பாரு." குரலைத் தாழ்த்தினார். "யாரு நோயாளி, யாரு கூடப்பிறந்தவங்கன்னு எங்க வாயிலேர்ந்து வராதும்மா. எழுதிக் கொடுத்திருக்கோம். என் மனசுல பட்டது, இத குடுத்துட்டுப் போறேன், அவ்வளவுதான்."

"உள்ள வந்து உக்காருங்க" என்றாள் அவள். "நானே சொல்றேன்."

மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். கம்பெனி மேலாளர் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். ஒவ்வொருவரும் சுற்றிச் சுற்றி அந்த இடத்துக்கே வந்தார்கள்: அந்த வியாதியோடு எவ்வளவு சந்தோஷமாக வாழ்ந்தான். ரேடியோ பேச எழுந்து, அழுது, உட்கார்ந்தாள். பிறகு பெரிய டீச்சர் எழுந்து துணிப்பையைப் பிரித்தாள்.

மஞ்சளேறிய வெள்ளைப் பிளாஸ்டிக் வலையில், முப்பது வயதுத் தம்பி கன்னம் கண்ணை மூடச் சிரித்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒரு கணம் கீழே படுத்திருப்பவனையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவள் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கரும்பலகை, லிஃப்ட், வெந்நீர், தகடு. வகுப்பில் சொல்வதுபோல, ஒரு படியையும் விடாமல். "அங்க ஒண்ணும் இருக்காது சார்" வந்தபோது இரண்டு மூன்று பேர் தெரியாமல் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்கள். அவள் நிறுத்தி, தண்ணீர் குடித்தாள்.

"வியாதி எனக்கு" என்றாள். "அவனுக்கு ஒண்ணும் கிடையாது. அங்க இருக்கிற புஸ்தகத்துல அவன் பேரு நலமா இருக்கிறவங்க வரிசையில இருக்கு. என் வேலை போயிடக் கூடாதுன்னு அவன் சொன்ன பொய். இருபத்தெட்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டது நான். இன்னும் சாப்பிடறேன். இத அவனோட சேர்த்து அனுப்ப எனக்கு மனசு வரல. என்னோடத எங்கிட்ட குடுத்துட்டுப் போகட்டும்."

நாற்பது பேர் தன்னைப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. இருபத்தெட்டு வருஷமாக எந்தப் பார்வைக்குப் பயந்தாளோ, அதே பார்வைதான். ஆனால் நின்றாள்.

முதலில் பேசியது ரேடியோ. விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தவள் மெதுவாகத் தலை நிமிர்ந்தாள்.

"அக்கா. அப்போ எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துல... அண்ணன் சுயபுத்தியோடதான் சொன்னாரா?"

"எத?"

"இவரு பாடினா பல்லிகூட விலாசம் மாத்திக்கும்னு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேடியோவின் கணவர், பதினோரு வருஷமாக அதை வியாதி என்று மன்னித்து எல்லா விசேஷத்திலும் பாடிவருகிறவர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது நெஜமாவே அவர் அபிப்பிராயமா?" என்று கேட்டார்.

"ரொம்ப யோசிச்சுச் சொன்னதுதான்" என்றாள் தம்பி மனைவி, சமையலறை வாசலிலிருந்து. "வீட்டுக்கு வந்தும் சொன்னாரு."

யார் முதலில் வெடித்தது என்று தெரியவில்லை. மேலாளர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். "எங்கிட்ட, 'சார், உங்க மூளைக்கு ஆயில் விட்டு ரொம்ப நாளாச்சு'ன்னான். பாவம்னு சம்பளம் ஏத்திக் குடுத்தேன்." ஆளாளுக்கு நினைவுக்கு வர ஆரம்பித்தது. தலை சரியில்லாதவன் சொன்னதாக விட்டுவிட்ட உண்மைகளையெல்லாம் இருபத்தெட்டு வருஷத்து மூலையிலிருந்து எடுத்து எடுத்துச் சொல்லிச் சிரித்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டே அழுதார்கள். ரேடியோவின் கணவரும் கடைசியில் சிரித்துவிட்டார். தம்பி மட்டும்தான் அந்த வீட்டில் அன்று சிரிக்காமல் படுத்திருந்தான். அவனுடைய பங்கைத்தான் அந்த வலை சிரித்துக்கொண்டிருந்ததே.

மகள் எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "கேட்டியே, இப்ப சொல்றேன். வியாதி எங்கிட்டேர்ந்து உன் வயித்துக்கு வரணும்னா ரொம்பச் சுத்தி வரணும். வரவே வராதுன்னு நான் எழுதித் தர மாட்டேன். வந்தாலும் பயமில்ல. என்னப் பாரு. ஒரு கணக்கு நான் தப்பாப் போட்டிருக்கேனா?"

"இல்ல அத்தை."

"உங்கப்பன் சிரிச்சது அத்தனையும் சிரிப்புதான். இனிமே சந்தேகம் வேண்டாம்."

நாலு மணிக்கு வண்டி வந்தது. சிரித்துக் களைத்த முகங்களோடுதான் அவனைத் தூக்கினார்கள். லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் நாலு பேர் பழக்கதோஷத்தில், "மெதுவா, மெதுவா, மட்டம் பார்த்து" என்றார்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மணி ஆறாகப் பத்து நிமிஷம் இருந்தது. கூடத்தின் நடுவில் இடம் வெறிச்சென்று கிடந்தது. யாரும் அதைக் குறுக்கே மிதித்து நடக்கவில்லை, சுவரோரமாகவே போய்வந்தார்கள். முகமூடியைத் தம்பி மகள் புத்தக அலமாரி மேல் வைத்திருந்தாள். பெரிய டீச்சர் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். இப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லாமல் அழுதுவிட்டு முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஆறு அடித்தது. பழக்கத்தில் எழுந்து குளியலறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கூட்டைத் திறந்து மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அறையில் பன்னிரண்டு பேராவது இருந்திருப்பார்கள்.

ரேடியோ எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"சில்லுன்னு இருக்கு. பரவால்லையா அக்கா?"

"பரவால்ல."

அவள் விழுங்கினாள். ரேடியோ டம்ளரை வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் மடியில் இருந்த போன் அடித்தது. யாரென்று பார்த்தாள். மூன்றாவது மணியில் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, காலி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.